மத்தியஸ்தரும் வாதியும்: கரிசல் பாளையங்களில் கும்பெனியின் மேற்பார்வை

தம்முள் தீராப் பகை கொண்ட சிற்றரசர்களுக்கு நடுவே அயல்நாட்டு வல்லரசு ஒன்று மத்தியஸ்தர் என்னும் பெயரோடு வந்து அமர்ந்தபின் அந்தப் பகைகள் என்ன ஆயின என்ற கேள்வி எழும்போது, சரித்திரம் பயின்றோர் பெரும்பாலும் அரபு நாட்டுக் கடற்கரையையே நினைவுகூர்கிறார்கள். பாரசீக வளைகுடாவின் ஷேக்குகளுக்குள் நிகழ்ந்த கடற்சண்டைகளையும், ஏடனுக்குப் பின்னுள்ள மலைநாட்டுக் கூட்டத்தாரின் சச்சரவுகளையும் பிரிட்டிஷார் மேற்பார்வையிட்ட வரலாறு விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு முன்னோடி என்றே சொல்லத்தக்க மற்றொரு வரலாறு நம் வாசலிலேயே, கோவில்பட்டிக்கும் கீழ்க்கடலுக்கும் இடைப்பட்ட கரிசல் வெளியில், 1755-ஆம் ஆண்டு தொடங்கி 1801-ஆம் ஆண்டு வரையில் நடந்து முடிந்தது. அதனை வீரகதையாகப் பாடியவர்கள் உண்டு. துரோகக்கதையாகச் சொன்னவர்களும் உண்டு. மேற்பார்வை என்னும் ஓர் ஆட்சிமுறையின் கதையாக அதனை ஆராய்ந்து பார்த்தால், இன்றளவும் நம் ஜில்லாவை விட்டு நீங்காத சில துயரங்களுக்குக் காரணம் புலப்படும் என்பது என் அபிப்பிராயம்.

இந்தப் பிரதேசத்தின் இயல்பை முதலில் மனத்திற் கொள்ளவேண்டும். தாமிரவருணியின் நீர் எட்டாத இந்நிலத்தில் ஐப்பசி கார்த்திகை மழையை நம்பியே கம்பும் சோளமும் பருத்தியும் மானாவாரியாக விளைகின்றன. கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் கரிசல், மழை பிடித்துவிட்டால் களிம்பாக இளகி வண்டிச் சக்கரத்தை அச்சுவரை விழுங்கிவிடும். பீரங்கியை இழுத்துச் செல்லும் சைனியத்திற்கு இது எத்தகைய இடுக்கண் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆறும் வாய்க்காலும் இல்லாத ஊர்களில் கோயிலையும் பிரம்மதேயத்தையும் மையமாகக் கொண்ட நஞ்சை நாட்டு ஒழுங்கு வேர்பிடிக்கவில்லை. ஆயுதமேந்திய தலைவன் ஒருவனும், அவனுடைய மண்கோட்டையும், அவன் கொடுக்கும் காவலுமே இங்கே அரசாங்கமாக இருந்தன.

மதுரையில் விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் பதினாறாம் நூற்றாண்டில் எழுபத்திரண்டு பாளையங்களை வகுத்தார்கள் என்பது பிரசித்தமான செய்தி. திருநெல்வேலிச் சீமையில் மேற்கு மலையடிவாரத்துச் சிவகிரி, ஊற்றுமலை, சொக்கம்பட்டி முதலிய பாளையங்கள் மறவர் வசமும், கிழக்கே கரிசலில் எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம், கோலார்பட்டி, கடல்குடி, குளத்தூர் முதலியவை தெலுங்கு பேசும் கம்பளத்தார் வசமும் இருந்தன. கடம்பூர், மணியாச்சி போன்ற மறவர் பாளையங்களும் கரிசலுக்கு நடுவே உண்டு. மேலிடத்துக்குக் கப்பம் கட்டுவதும், அழைத்தபோது படை கொண்டு போவதும், எல்லைக்குள் காவல் செய்வதும் இவர்களுடைய கடமைகள்.

இக்காவலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாகவேண்டும், ஏனெனில் பிற்காலச் சண்டைகளின் கரு அதிலேதான் இருக்கிறது. ஓரூரில் களவு போயிற்றென்றால் பொருளை மீட்டுக் கொடுப்பது காவல்காரனுடைய பொறுப்பு. மீட்க இயலாவிட்டால் ஈடு கொடுத்தாக வேண்டும். அதற்காக ஏருக்கு இவ்வளவு என்றும், களத்து மணியில் இவ்வளவு என்றும் ஊரார் அவனுக்குக் காவல்கூலி அளந்தார்கள். ஒரே ஊருக்குள் நடப்பது ஸ்தலக்காவல். பல ஊர்களையும் பாதைகளையும் தழுவியது தேசக்காவல். காணாமற்போன மாடு எங்கே கட்டியிருக்கிறது என்று தெரிந்து சொல்பவனுக்குத் துப்புக்கூலி என்று ஒன்று உண்டு. மாட்டைப் பிடித்தவனும் துப்புச் சொன்னவனும் சில சமயம் ஒருவனாகவே இருந்தான் என்பது உண்மைதான்; ஆனால் ஈடுகொடுக்கும் கடமை என்ற ஒன்று இருந்தமையால் குடியானவனுக்குக் கேட்பதற்கு ஓர் இடமும், கேட்பதற்கு ஒரு நியாயமும் இருந்தன. ஒரு பாளையக்காரன் தன் எல்லைக்கு வெளியே காவல்கூலி தண்டத் தொடங்கினால் அடுத்த பாளையத்தோடு சண்டை மூளும். இரண்டு கிராமம் கைமாறும். சம்பந்தமோ, சத்தியமோ, மூன்றாமவர் சொல்லோ அதனைத் தணிக்கும். கரிசலின் பகைகள் இவ்வாறு மூண்டும் தணிந்தும் பல தலைமுறைகள் நடந்தன. அவற்றில் குடிகள் பட்ட இன்னலைக் குறைத்துச் சொல்வது எனக்கு நோக்கமன்று. அவை முடிவுக்கு வரக்கூடிய பகைகளாக இருந்தன என்பதையே வற்புறுத்த விரும்புகிறேன்.

கிழக்கிந்தியக் கும்பெனியார் இதனுள் நுழைந்தது சமாதானம் செய்விப்பதற்காக அல்ல. ஆற்காட்டு நவாபு முகமது அலி தன் யுத்தங்களுக்காக அவர்களிடம் பட்ட கடனுக்குப் பாளையக்காரர்களின் பேஷ்கஷ் என்னும் கப்பம் ஈடாயிற்று. 1755-இல் கர்னல் ஹெரான், நவாபின் தமையன் மாபூஸ்கானோடு தெற்கே வந்தது கப்பம் தண்டுவதற்காகவே. நெற்கட்டும்செவலில் பூலித்தேவர் மறுத்து நின்றார். அடுத்து அனுப்பப்பட்ட யூசுப்கான், சீமையை அடக்கி ஆண்டு, பின்னர் தன்னை அனுப்பியவர்களோடேயே மாறுபட்டு 1764-இல் தூக்கிலிடப்பட்டான். 1781-இல் வரிதண்டும் அதிகாரத்தை நவாபு கும்பெனிக்கு எழுதிக்கொடுத்தான். 1783-இல் கர்னல் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைப் பிடித்தபோது, கொழும்பிலிருந்த டச்சு அரசாங்கத்தாருக்கும் அப்போதைய பாளையக்காரரான கட்டபொம்ம நாயக்கருக்கும் ஏற்பட்ட உடன்படிக்கை ஒன்று கோட்டைக்குள் அகப்பட்டது. பாளையக்காரன் அண்டை வீட்டாரோடு மட்டுமின்றித் தூத்துக்குடிக் கடலுக்கு அப்பாலுள்ளவர்களோடும் அரசியல் நடத்தத் தெரிந்தவனாக இருந்தான் என்பதற்கு அது சான்று. முடிவில் 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பாளையக்காரர்களிடம் நேராகப் பேஷ்கஷ் வாங்கும் உரிமை கும்பெனிக்கு வந்தது. இந்த வரிசையைக் கவனித்தால் ஒன்று தெளிவாகும்: பாளையங்களின் வழக்கைக் கேட்க உட்கார்ந்தவர், அதற்கு முன்னரே அப்பாளையங்களிடம் பாக்கி கேட்டு நின்றவர். வாதியே மத்தியஸ்தராகவும் இருந்தால் தீர்ப்பு எவ்வாறு அமையும்?

எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் இடையிலிருந்த எல்லைத் தகராறு இதற்குத் தக்க உதாரணம். அருங்குளம், சுப்பலாபுரம் என்னும் இரண்டு கிராமங்களைப் பாஞ்சாலங்குறிச்சி தன்னுடையவை என்று கொண்டாட, அவை எட்டயபுரத்துக்கு உரியனவாக்கப்பட்டன. பழைய வழக்கப்படி இது ஒரு மழைக்காலத்துச் சண்டையாகவோ ஒரு தலைமுறை மனத்தாங்கலாகவோ முடிந்திருக்கும். கும்பெனியின் மேற்பார்வையில் அதற்கு வேறொரு பொருள் ஏற்பட்டது. கிஸ்தியை ஒழுங்காகக் கட்டுபவன் பக்கம் எல்லை நகர்ந்தது என்று தோற்றவன் எண்ண, வென்றவனோ தன் வெற்றி கலெக்டரின் தயவில் நிற்கிறது என்பதை உணர்ந்து அந்தத் தயவைக் காத்துக்கொள்ளும் கட்டாயத்துக்கு உள்ளானான். எட்டயபுரத்தாரைத் துரோகத்தின் உருவமாகவே பேசிப் பழகிவிட்ட நாம், இந்தக் கட்டாயத்தையும் எடைபோட வேண்டும். அதற்கு முந்திய ஆண்டுகளில் அப்பாளையமும் கும்பெனிப் படையின் தாக்குதலுக்கு உள்ளானதுதான். பெரிய சக்தி ஒன்று பக்கத்தில் வந்து நின்றவுடன், அடுத்த பாளையத்தோடு தனக்கிருந்த பழைய கணக்கை அதன் உதவியால் தீர்த்துக்கொள்ள விழைவது உலகெங்கும் சிற்றரசர்கள் செய்ததே. அதனை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் பழி முழுவதையும் ஒரு குடும்பத்தின் தலையில் வைத்துவிட்டு, அந்தப் பகையை மூலதனமாக்கிக்கொண்ட ஆட்சிமுறையைக் கணக்கிலிருந்து விட்டுவிடுவது சரித்திரமாகாது.

கலெக்டர் ஜாக்சன், பின்னர் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரரான வீரபாண்டிய கட்டபொம்மரைப் படுத்திய பாடு பலரும் அறிந்தது. 1798 ஆகஸ்டில் ராமநாதபுரத்தில் வந்து காணும்படி ஓலை அனுப்பிவிட்டு, ஜாக்சன் குற்றாலம், சொக்கம்பட்டி, சிவகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று முகாம் மாறிக்கொண்டே போக, பாளையக்காரர் தம் பரிவாரத்தோடு ஒவ்வொரு முகாமுக்கும் பின்தொடர்ந்து சென்று பேட்டி மறுக்கப்பட்டு, செப்டம்பர் 10-ஆம் தேதி ராமநாதபுரத்தில்தான் கலெக்டரைக் காண முடிந்தது. அங்கே மூண்ட கைகலப்பில் லெப்டினென்ட் கிளார்க் மாண்டான்; கட்டபொம்மர் தப்பினார்; அவருடைய பிரதானி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். தன் குடையின்கீழ் இருக்கும் ஒரு தலைவனை அவன் பகைவர்களின் பாளையங்கள் வழியாகக் காத்திருக்க வைத்து இழுத்தடிப்பது, அந்நாளைய மரியாதை முறைகள் அறிந்த எவருக்கும் யுத்தப் பிரகடனமாகவே தோன்றியிருக்கும்.

சென்னைச் சர்க்கார் இதனை விசாரிக்க ஒரு கமிட்டி வைத்ததும், அக்கமிட்டி கட்டபொம்மர் மீது பெருங்குற்றம் காணாமையும், ஜாக்சன் உத்தியோகத்திலிருந்து நீக்கப்பட்டதும் நேர்மையோடு சொல்லவேண்டியவை. மேற்பார்வைக்குள்ளேயும் நியாயத்தின் ஒரு கீற்று இருந்தது. ஆனால் அது நீடிக்கவில்லை. சிவகிரியில் தந்தைக்கும் மகனுக்கும் ஏற்பட்ட பிணக்கில் பாஞ்சாலங்குறிச்சி மகன் பக்கம் நிற்க, கும்பெனி தந்தை பக்கம் நின்றது. 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு சுல்தான் மறைந்தபின் தெற்கே அனுப்பப் பட்டாளம் ஓய்வாகக் கிடைத்தது. மேஜர் பானர்மன் செப்டம்பர் 5-ஆம் தேதி, பருவமழைக்கு முன்பாக, பாஞ்சாலங்குறிச்சியின் முன் வந்து நின்றான்.

அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் நடந்ததை விசாரணை என்று அழைப்பதற்கு மனம் ஒப்பவில்லை. புதுக்கோட்டைத் தொண்டைமான் பிடித்துக் கொடுத்த கட்டபொம்மரை, சுற்றுப்பட்டுப் பாளையக்காரர் யாவரும் கூடியிருக்க, வென்ற தளபதியே குற்றம் சாட்டினான். அவனே தீர்ப்புச் சொன்னான். சிறிது தூரத்தில் தூக்கும் நிறைவேறியது. பானர்மன் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்திலேயே, கைதி சிறிதும் அஞ்சாது நின்றதையும், எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் வெறுப்போடு நோக்கியதையும் ஒளிக்காமல் குறித்திருக்கிறான். கூடியிருந்த பாளையக்காரர்கள் அங்கே சாட்சிகளாக அழைக்கப்பட்டவர்கள் அல்லர், பார்த்துக்கொண்டிருக்கும்படி வரவழைக்கப்பட்டவர்கள். பாஞ்சாலங்குறிச்சி, ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோலார்பட்டி, கடல்குடி, குளத்தூர் ஆகிய ஆறு பாளையங்களும் பறிமுதலாயின. கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் எல்லாருக்கும் உத்தரவு பிறந்தது; உதவி செய்தவர்களுக்கும்கூட அதில் விலக்கு இல்லை.

1801 பிப்ரவரி 2-ஆம் தேதி பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து கட்டபொம்மரின் தம்பி ஊமைத்துரையும் மற்றவர்களும் தப்பி வந்து, இடிக்கப்பட்ட கோட்டையைச் சில நாட்களுக்குள் மீண்டும் எழுப்பியதைக் கண்டு கும்பெனி அதிகாரிகளே வியந்தார்கள். ஏறத்தாழ ஐந்நூறு அடி நீளமும் முந்நூறு அடி அகலமும் கொண்ட அந்த மண்கோட்டையின் மதில் பன்னிரண்டடி உயரந்தான், சுற்றிலும் முள்வேலி. மார்ச்சு மாதத்து இறுதியில் மேஜர் மக்காலே முற்றுகையிட்டுப் பெருஞ்சேதத்தோடு பின்வாங்கினான். மே 24-ஆம் தேதி கர்னல் அக்னியூ பெரிய பீரங்கிகளைக் கொண்டுவந்து மதிலைப் பிளந்த பிறகே கோட்டை விழுந்தது.

அன்று மாலை நடந்த ஒன்றை, அந்தப் படையிலேயே இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் தன் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறான். பிணக்குவியலின் நடுவே மகனைத் தேடி வந்த ஒரு கிராமத்துப் பெண், குற்றுயிராகக் கிடந்த அவனைக் கண்டு தூக்கப்போக, அவன் தன்னை விட்டுவிட்டு அருகில் கிடக்கும் சாமியைக் காப்பாற்றும்படி வேண்டினான். அவன் சாமி என்று சொன்ன ஊமைத்துரையை அவள் தன் வீட்டுக்குத் தூக்கிச் சென்றாள். தேடி வந்த எட்டயபுரத்து ஆட்கள் வாசலை நெருங்கியபோது, உள்ளே துணி போர்த்திக் கிடப்பது அம்மை கண்டு இறந்த தன் பிள்ளை என்று அவள் ஓலமிட, வந்தவர்கள் அஞ்சி ஓடிவிட்டார்கள். இரு பாளையங்களின் பகையும், அதற்கு மேலே நின்ற பெரிய அதிகாரமும், இவற்றுக்கு அடியில் குடிகள் யாரைத் தம்முடையவராக எண்ணினார்கள் என்பதும் இந்த ஒரு சம்பவத்துக்குள் அடங்கியிருக்கின்றன. வெல்ஷ் பகைவனாயினும் அவளை மதிப்போடு எழுதினான். அப்பெண்ணின் பெயரை மட்டும் அவன் எழுதவில்லை.

ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்ததும், போர் பரவி ஓய்ந்ததும், அவ்வாண்டு நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியிலேயே அவர் தூக்கிலிடப்பட்டதும் தனிச் சரித்திரம். எஞ்சியவர்களில் எழுபத்துமூன்று பேர் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். கோட்டையிருந்த இடம் உழப்பட்டது. ஊரின் பெயரும் கணக்குகளிலிருந்து நீக்கப்பட்டது.

இனி அரபுக் கடற்கரையை ஒப்பிடலாம். 1819-ஆம் ஆண்டு இறுதியில் ராஸ் அல் கைமாவைப் பம்பாய்ப் படை அழித்தபின், 1820-இல் வளைகுடாவின் ஷேக்குகள் ஒரு பொது உடன்படிக்கையில் கையொப்பமிட்டார்கள். 1835-இல் முத்துக்குளிப்புப் பருவத்துக்கு மட்டுமென்று ஒரு போர்நிறுத்தம். அது மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு 1853-இல் நிரந்தரமாயிற்று. புஷேரிலிருந்த ரெசிடென்ட் அதனை மேற்பார்வையிட்டார். ஆனால் அந்த மேற்பார்வை அலைவாய்க்கரையோடு நின்றது. தரையில் கூட்டத்தாரும் கூட்டத்தாரும் வெட்டிக்கொண்டால் அதில் தலையிடுவதில்லை என்பது நெடுங்காலக் கொள்கை. 1839-இல் கைப்பற்றப்பட்ட ஏடனிலும், லாஹெஜ் சுல்தான் முதலியோருக்கு மாதச் சம்பளம் கொடுத்துப் பாதைகளைத் திறந்து வைத்துக்கொண்டார்களேயன்றி அவர்களுடைய கோட்டைகளை இடித்துத் துப்பாக்கிகளைப் பறிக்க முற்படவில்லை. ஹத்ரமௌத்தில் 1937-இல் பிரிட்டிஷ் அதிகாரி இங்கிராம்ஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தலைவர்களிடம் கையொப்பம் வாங்கி ஏற்படுத்திய சமாதானமும் முதலில் மூன்று ஆண்டுகளுக்கே. அதன் பின்னணியில் ஆகாயவிமானத்தின் குண்டு இருந்தது என்பதையும் மறக்கலாகாது.

ஒரே பம்பாய், சென்னைச் சர்க்கார்களின் வம்சத்தில் வந்த இரண்டு மேற்பார்வைகளும் ஏன் இவ்வாறு வேறுபட்டன? அங்கே வேண்டியிருந்தது கப்பல் போகும் வழி. இங்கே வேண்டியிருந்தது நிலத்தின் தீர்வை. கடல்வழி வேண்டியவனுக்குக் கரையிலுள்ள ஷேக்கின் துப்பாக்கி இடையூறல்ல. தீர்வை வேண்டியவனுக்கோ, களத்திலே தனக்கு முன்பாகக் காவல்கூலி அளந்துகொண்டு போகும் இன்னொருவன் இருக்கவே கூடாது. வளைகுடாவின் உள்நாட்டில் எண்ணெய் உண்டென்று தெரிந்த பிறகு, 1950-களில் பிரிட்டிஷ் அதிகாரிகள் பாலைவனத்தில் ஒட்டகத் தடங்களையும் கிணற்றுரிமைகளையும் விசாரித்து ஷேக்குகளுக்கு எல்லைக்கோடு வகுக்கத் தொடங்கினார்கள்; மண்ணுக்கு விலை ஏற்பட்டபோதுதான் மண்ணின் பகைகளில் அக்கறை பிறந்தது.

கரிசலுக்குத் திரும்புவோம். 1803-இல் எஞ்சிய பாளையக்காரர்களுக்கு நிரந்தர ஜமாபந்திச் சனதுகள் வழங்கப்பட்டன. பாஞ்சாலங்குறிச்சியின் நிலம் எட்டயபுரம், மணியாச்சி, மேல்மாந்தை ஆகியவற்றுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. பாளையக்காரர் ஜமீன்தாரானார், அவருடைய படையாட்களான சேர்வைக்காரர் குடியானவராகவோ வேலையற்றவராகவோ ஆனார், தேசக்காவலைக் கும்பெனி தானே எடுத்துக்கொண்டது. ஆயினும் நாட்டுப்புறத்தில் காவல் மறையவில்லை. சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாமல் அது நூறாண்டுக்கு மேல் நடந்தது. ஈடுகொடுக்கும் கடமை தளர்ந்து, கூலி கேட்கும் வழக்கம் மட்டும் தடித்தது. பொறுப்பை நீக்கிவிட்டுப் போலீஸ் ஸ்டேஷனை இருபது மைலுக்கு அப்பால் வைத்த ஏற்பாட்டில் வேறென்ன விளையக்கூடும்?

பகைகளும் வடிவம் மாறின. பாளையத்துக்கும் பாளையத்துக்கும் இருந்த சண்டை, கோர்ட்டுகளும் ரெயிலும் பருத்தி வியாபாரமும் வந்த நூற்றாண்டில் ஜாதிக்கும் ஜாதிக்கும் உரிய சண்டையாயிற்று. 1876-இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை கோவில்பட்டி வழியாகத் திறந்தது. உழைப்பாலும் வணிகத்தாலும் உயர்ந்த நாடார் சமூகத்தார், தங்களுக்கு மறுக்கப்பட்ட வீதிகளையும் ஆலயங்களையும் உரிமையோடு கேட்டார்கள். எட்டயபுரம் ஜமீனைச் சேர்ந்த கழுகுமலையில் தேர்வீதியில் ஊர்வலம் போகும் உரிமை அவர்களுக்கு மறுக்கப்பட்டதால் பலர் கத்தோலிக்கரானார்கள். 1895 ஏப்ரலில் பங்குனித் தேரோட்டத்தன்று, வீதியில் அவர்கள் போட்டிருந்த பந்தலைக் காரணமாக வைத்து மூண்ட கலகத்தில் எஸ்டேட்டின் மானேஜர் குத்துண்டு இறந்தார், அதனைத் தொடர்ந்த வெறியாட்டத்தில் நாடார்கள் பலர் மடிந்தனர், வீடுகள் எரிந்தன. ஜமீன்தார் அப்பொழுது மைனர். எஸ்டேட் சர்க்காரின் கோர்ட் ஆப் வார்ட்ஸ் நிர்வாகத்தில் இருந்தது. எனவே வழக்கை விசாரித்த சர்க்காரே வழக்கின் ஒரு கட்சியாகிய ஜமீனின் பாதுகாவலராகவும் இருந்தது. நூறாண்டுக்கு முன் கயத்தாற்றில் கண்ட அதே ஏற்பாடு, சிவப்புச் சட்டை மட்டும் கழன்று, கச்சேரி உடையில் நின்றது. நான்கு ஆண்டுகளுக்குப்பின், 1899 ஜூனில், அதே உரிமைத் தகராறில் சிவகாசி எரிந்தது. அப்போதும் சர்க்கார் தண்டப் போலீஸை நிறுத்தி அதன் செலவை ஜனங்களிடமே வசூலித்ததேயன்றி, வீதி யாருக்கு, சந்நிதி யாருக்கு என்ற மூலக் கேள்வியைப் பழைய வழக்கம் என்னும் பெயரால் உயர்ந்தவர் பக்கமே நிறுத்தி வைத்தது.

மற்றொரு பக்கம், காவல் இழந்த குடும்பங்களின் கதி. 1871-ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கு விரிந்தது. மதுரைச் சீமையின் பிரமலைக் கள்ளர்மீதும், பின்னர் ராமநாதபுரம், திருநெல்வேலி ஜில்லாக்களின் மறவர் பலர்மீதும் பாய்ந்தது. ஒருகாலத்தில் ஊரின் களவுக்கு ஈடு சொன்னவனுடைய பேரன், குற்றம் ஏதும் செய்யாமலே ரேகை பதித்து, இரவுதோறும் குறித்த இடத்தில் படுக்கவேண்டும் என்று விதிக்கப்பட்டான். 1920-இல் பெருங்காமநல்லூரில் இதனை எதிர்த்தவர்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. முத்துராமலிங்கத் தேவர் முதலியோரின் நெடும் போராட்டத்திற்குப் பின் 1947-இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது. அடுத்த ஆண்டு நிறைவேறிய எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தால் ஜமீன்களும் முடிந்தன. 1803-இல் எழுதிக்கொடுக்கப்பட்ட சனதுகள் செல்லாமற்போக, பாஞ்சாலங்குறிச்சியின் பழைய புன்செய்கள் உழுபவன் பெயரில் பட்டாவாகி, எட்டயபுரம் கச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்த கிஸ்தி சர்க்கார் கணக்கில் சேர்ந்தது.